தேரை ஓட்டியவன் யார்?

மனிதன் கை வைக்காத மோட்டார் வண்டி வீதியில் ஓடுகிறது. இது இனிக் கதையன்று. கண்காட்சிச் சாலையில் காட்டும் வேடிக்கையும் அன்று. அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரில் 2020 ஆம் ஆண்டு முதலும், சன் பிரான்சிஸ்கோவில் 2024 ஜூன் முதலும் காசு கொடுக்கும் எவரும் அதில் ஏறிச் செல்லலாம். ஏறுபவர் பின்னாசனத்தில் அமர்கிறார். முன்னாசனம் வெறுமையாகக் கிடக்கிறது. சுக்கான் தானே திரும்புகிறது. சீனாவின் வூகான் நகரிலும் இதே காட்சிதான். வண்டியின் உச்சியிலும் விலாவிலும் பொருத்திய லேசர்க் கதிர்களும் ராடரும் கமராக்களும் சுற்றுப்புறத்தை நோக்குகின்றன. உள்ளிருக்கும் கணினி, எது மரம், எது மனிதன், எது நிற்கும், எது நகரும் எனக் கணக்கிட்டு, போவதா நிற்பதா என்று தீர்மானிக்கிறது. மனிதனின் கண்ணும் கையும் காலும் செய்த வேலையை இயந்திரம் செய்கிறது. அவனது நெஞ்சு ஏற்றுக்கொண்ட பொறுப்பை ஏற்பது எது? இக்கேள்விக்கு விடை காணாமலே வண்டியை வீதியில் விட்டுவிட்டார்கள் என்பதுதான் நமது வழக்கு.

புதுமையைக் கண்டு மருளும் கூட்டத்தைச் சேர்ந்தவரல்லர் நாம். 1865 ஆம் ஆண்டு பிரித்தானியப் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றிற்று. நீராவியால் ஓடும் வண்டி நாட்டுப்புறத்தில் மணிக்கு நான்கு மைலும், ஊருக்குள் இரண்டு மைலும்தான் செல்லலாம். அறுபது யார் முன்னே ஓர் ஆள் செங்கொடி பிடித்து நடக்க வேண்டும் என்றது அச்சட்டம். முப்பத்தோர் ஆண்டுகள் கழித்து 1896 இல்தான் இலேசான வண்டிகளுக்கு அந்தத் தளை அவிழ்ந்தது. இன்று அதனை எண்ணி நகைக்கிறோம். நகைக்கும்போது ஒன்றை மறந்துவிடுகிறோம். அவ்வண்டியை நடத்த மூவராவது இருக்கவேண்டும் என்றும் அதே சட்டம் விதித்திருந்தது. வேகத்தைப் பற்றி அது மூடத்தனமாகப் பேசியிருக்கலாம். வண்டிக்குப் பொறுப்பாளி யார் என்ற கேள்வியில் அதற்கு மயக்கம் இருக்கவில்லை.

இயந்திரத்தின் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021 ஆம் ஆண்டில் வீதி விபத்துக்களில் மாண்டவர் ஏறத்தாழ 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர். இலங்கையில் மட்டும் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் வீதியில் உயிர் விடுகின்றனர். இயந்திரம் குடிப்பதில்லை; உறங்குவதில்லை; எதிரே வருபவனோடு போட்டியிட்டு முந்துவதில்லை. கண்டி வீதியில் இரவு பஸ்ஸில் பயணம் செய்த எவரும் இதன் அருமையை உணர்வர். இந்தச் சாவுகளில் பாதியையேனும் ஓர் இயந்திரம் தடுக்குமாயின் அதனை வேண்டாமென்று சொல்ல நமக்கு மனமில்லை. ஆனால் பத்து உயிரைக் காப்பாற்றினேன், ஆகையால் பதினோராவது உயிருக்குக் கணக்குக் கேளாதே என்று சொல்ல மருத்துவனுக்கும் உரிமையில்லை, மாலுமிக்கும் உரிமையில்லை. இயந்திரம் செய்த முதலாளிக்கு மட்டும் அந்த உரிமை எங்கிருந்து வந்தது?

அரிசோனா மாநிலத்தின் டெம்பி நகரில் நடந்ததைப் பார்ப்போம். 2018 மார்ச் 18 ஆம் நாள் இரவு பத்து மணியளவில், நாற்பத்தொன்பது வயதுப் பெண்ணொருவர் துவிச்சக்கர வண்டியொன்றைத் தள்ளிக்கொண்டு அகன்ற வீதியைக் குறுக்கே கடந்துகொண்டிருந்தார். ஊபர் கம்பனி பரீட்சித்துக்கொண்டிருந்த தானியங்கு வண்டி அவரை மோதியது. அவர் இறந்தார். சாரதியில்லா வண்டியால் வீதியில் நடந்த ஒருவர் கொல்லப்பட்ட முதற் சம்பவம் அதுவே.

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை ஒன்றரை ஆண்டுக்கு மேலாக இதனைத் துருவித் துருவி ஆராய்ந்தது. அதன் முடிவுகளைப் படிக்கும் சட்டவாதி எவரும் நிமிர்ந்து உட்காருவார். மோதுவதற்கு 5.6 செக்கன் முன்னரே இயந்திரம் அப்பெண்ணைக் கண்டுவிட்டது. கண்டும் என்ன? முதலில் ஏதோ ஒரு வண்டி என்றது. பின்பு இனந்தெரியாப் பொருள் என்றது. பின்பு துவிச்சக்கர வண்டி என்றது. ஒவ்வொரு முறை எண்ணத்தை மாற்றியபோதும், அது எத்திசையில் நகர்ந்து வந்தது என்ற பழைய கணக்கை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கிற்று. நடைபாதைக் கோடு இல்லாத இடத்தில் மனிதர் வீதியைக் கடப்பர் என்ற எண்ணமே அந்த இயந்திரத்துக்குள் வைக்கப்படவில்லை. உலகில் பிறந்து வீதியில் நடந்த குழந்தைக்குத் தெரிந்த உண்மை அது! ஆபத்தை அறிந்த பின்பும், வீணாகத் தடை பிடித்துப் பயணியைக் குலுக்கக் கூடாதென்று ஒரு செக்கன் தாமதிக்கும்படி அது பணிக்கப்பட்டிருந்தது. வொல்வோ கம்பனி அவ்வண்டியில் இயல்பாகவே பொருத்தியிருந்த தானியங்கித் தடையோ, கணினி ஓட்டும் வேளையில் செயற்படாதவாறு முடக்கப்பட்டிருந்தது. இருவர் அமர்ந்து கண்காணித்த வண்டியில் சில மாதங்களுக்கு முன்புதான் ஆளைக் குறைத்து ஒருவரை மட்டும் விட்டிருந்தனர்.

அந்த ஒருவர் என்ன செய்தார்? வீதியைப் பாராது கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தவறுதான், பெருந்தவறு. விபத்தின் முதற் காரணம் அதுவே என்று சபையும் கூறிற்று. அப்பெண் வீதியைக் கடந்த முறையையும், ஊபரின் பாதுகாப்புக் குறைபாட்டையும், அரிசோனா அரசின் மேற்பார்வைக் குறைவையும் அது துணைக் காரணங்களாகச் சுட்டிற்று. இந்த வண்டிகளுக்கு அரிசோனா தன் வீதிகளைத் திறந்துவிட்டது, சட்டசபை கூடி விவாதித்து இயற்றிய சட்டத்தாலன்று. 2015 இல் ஆளுநர் இட்ட ஒரு கட்டளையால் என்பதை இங்கு கவனிக்க.

இனி நீதியின் கணக்கைப் பாருங்கள். 2019 மார்ச்சில், கம்பனிமீது குற்றவியற் பொறுப்பு சுமத்த ஆதாரமில்லை என்று அரச வழக்குத்தொடுநர் அறிவித்தார். 2020 இல் வண்டிக்குள் இருந்த ஊழியர்மீது கவனயீனத்தால் மரணம் விளைத்த குற்றச்சாட்டு எழுந்தது. 2023 ஜூலையில், அதனினும் குறைந்த குற்றமொன்றை அவர் ஏற்றார். மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்புத் தண்டனை பெற்றார். தடையை முடக்கியவர் எங்கே? ஆளைக் குறைத்தவர் எங்கே? மனிதர் வீதியைக் கடக்கமாட்டார் என்று எழுதியவர் எங்கே? குற்றக் கூண்டில் அவர்களில் ஒருவரும் ஏறவில்லை. மணிக்கூலி பெற்ற ஊழியர் மட்டும் ஏறினார்.

பிறரைக் கொண்டு செய்விப்பவன் தானே செய்தவனாவான் என்பது பழைய சட்ட நெறி. நமது நாட்டுப் பொதுச் சட்டமாகிய உரோம-ஒல்லாந்தச் சட்டமும், ஊழியன் தொழிலின்போது விளைத்த தீங்குக்கு எசமான் நட்ட ஈடு கொடுக்க வேண்டுமென்றே சொல்கிறது. ஊபரும் அப்பெண்ணின் குடும்பத்தாரோடு விரைவிலேயே தொகை பேசி முடித்துக்கொண்டது. காசு வேறு, குற்றம் வேறு என்று சட்டம் பிரித்து வைத்திருக்கிறது, பிரிவினையும் சரிதான். ஆயினும் காசு எப்போதும் மேலிருந்து வருவதும், குற்றம் எப்போதும் கீழே இறங்குவதும் தற்செயலா?

இலங்கையில் வாழும் நாம் இவ்விடத்தில் எல்லாளனை நினையாதிருக்க முடியாது. அநுராதபுரத்தில் நாற்பத்துநான்கு ஆண்டுகள் ஆண்ட அத்தமிழ் மன்னனின் கதையை மகாவம்சம் கூறுகிறது. அவனை வென்றவனின் புகழைச் சொல்ல எழுந்த நூல் அது. எல்லாளனுக்குச் சலுகை காட்டவேண்டிய கடமை அதற்கில்லை. அந்நூலே சொல்கிறது: இளவரசன் ஏறிச் சென்ற தேரின் சக்கரத்தில் கன்றொன்று அகப்பட்டு மாண்டது, தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அடித்தது, அரசன் அதே சக்கரத்தால் மகனின் தலையைத் துணிப்பித்தான். சோழநாட்டு மனுநீதி கண்டவனைப் பற்றிப் பெரியபுராணம் கூறுவதும் இத்தகையதே. அறியாது நேர்ந்த விபத்துக்குத் தலை கொய்வது இக்காலச் சட்டத்துக்கு ஒவ்வாது. அதனை நாம் கேட்கவுமில்லை. நாம் நோக்குவது விசாரணை சென்ற திசையை. சாரதியின் கைத்தவறா, குதிரையின் மருட்சியா, அச்சாணியின் பழுதா என்று கீழே தேடிக்கொண்டு அவ்வரசன் இறங்கவில்லை. தேர் யாருடையது, யாருடைய பயணத்துக்காக அது ஓடிற்று என்று கேட்டான். டெம்பியில் இந்தக் கேள்வியைக் கேட்க ஒரு மணி இல்லாமற் போயிற்று.

சன் பிரான்சிஸ்கோவின் கதை வேறு வகையானது. அரசியற் கண்ணோடு நோக்குவார்க்கு டெம்பியை விட அதுவே பெரிய பாடம்.

அந்நகரின் வீதிகளில் வேமோ, குரூஸ் என்ற இரு கம்பனிகள் இரவும் பகலும் கட்டணத்துக்குச் சாரதியில்லா வண்டி ஓட்ட அனுமதி கேட்டன. வேமோ கூகிளின் தாய்க் கம்பனிக்குரியது; குரூஸ் ஜெனரல் மோட்டோர்ஸ் கம்பனிக்குரியது. நகர நிருவாகம் எதிர்த்தது. தீயணைப்புப் படைத் தலைவி எதிர்த்தார். அவ்வாண்டில் மட்டும் ஐம்பதுக்கு மேற்பட்ட தடவை இவ்வண்டிகள் தமது படையின் பணிக்கு இடையூறு விளைத்ததாக எடுத்துரைத்தார். தீ எரியும் தெருவில் நீர்க்குழாயின்மேல் வந்து நின்றால், விலகு என்று யாரிடம் சொல்வது? 2023 ஓகஸ்ட் 10 ஆம் நாள், பொதுமக்கள் மணிக்கணக்காகச் சாட்சியம் சொன்ன பின்பு, கலிபோர்னியாப் பொதுப் பயன்பாட்டு ஆணைக்குழு மூன்றுக்கு ஒன்று என்ற வாக்கினால் அனுமதி அளித்தது. அந்த ஆணையாளர்கள் நகரத்து மக்களால் தெரியப்பட்டவரல்லர். மாநில ஆளுநரால் நியமிக்கப்பட்டவர்கள். ஆதரித்து வாக்களித்தவர்களில் ஒருவர் முன்பு குரூஸ் கம்பனியிலேயே சட்ட ஆலோசகராகப் பணியாற்றியவர். வீதி நகரத்தாருடையது. வீதிக்கு வரி கொடுப்பவர் நகரத்தார். தீயை அணைப்பவர் நகரத்தார். எந்த வண்டி அதில் ஓடலாம் என்று சொல்லும் அதிகாரம் மட்டும் அவர்களிடம் இல்லை! இதைப் படிக்கும் வடக்கு கிழக்குத் தமிழனுக்கு நாம் விளக்கம் எழுத வேண்டுமா?

சரியாக ஒரு கிழமையில் குரூஸ் வண்டியொன்று தீயணைப்பு வண்டியோடு மோதியது. ஓடும் வண்டிகளைப் பாதியாகக் குறைக்கும்படி மாநில மோட்டார் வாகனத் திணைக்களம் கேட்டுக்கொண்டது. அனுமதி கிடைத்து ஐம்பத்துமூன்றாம் நாள், அக்டோபர் 2 அன்று, மனிதர் ஓட்டிய வேறொரு கார் ஒரு பெண்ணை மோதித் தூக்கி எறிந்துவிட்டுத் தப்பி ஓடிற்று. அவர் விழுந்தது குரூஸ் வண்டியின் முன்னால். அது அவர்மீது ஏறி நின்றது. நின்றதோடு விட்டிருந்தால் பழி முழுவதும் தப்பி ஓடியவனையே சாரும். ஆனால் இயந்திரம், விபத்து நேர்ந்தால் ஓரமாக ஒதுங்கு என்று தனக்குக் கற்பித்ததை நினைவுகூர்ந்து, வண்டிக்கு அடியில் ஒரு மனித உடல் கிடப்பதை அறியாது, இருபது அடி தூரம் அவரை இழுத்துச் சென்றது. மனிதச் சாரதி எத்தனை கெட்டவனாயினும் கீழிருந்து எழும் அலறல் அவன் காதில் விழுந்திருக்கும்.

இதற்குப் பின் நடந்ததே நம்மை அதிகம் கலங்கச் செய்கிறது. இழுத்துச் சென்ற செய்தியை அதிகாரிகளுக்கு ஒளிவின்றிச் சொல்லவில்லை என்று கண்டு, அக்டோபர் 24 இல் வாகனத் திணைக்களம் குரூஸின் சாரதியில்லா ஓட்ட அனுமதியை நிறுத்திற்று. மத்திய அரசின் விசாரணைக்குப் பொய்யான அறிக்கை சமர்ப்பித்ததைக் கம்பனி 2024 நவம்பரில் ஒப்புக்கொண்டு 5 இலட்சம் டொலர் தண்டம் செலுத்த இணங்கிற்று. அடுத்த மாதமே ஜெனரல் மோட்டோர்ஸ் இத்தொழிலுக்குப் பணம் போடுவதை நிறுத்தியது. அதுவரை அது கொட்டிய தொகை ஆயிரம் கோடி டொலருக்கு மேல். பொய்க்குக் கொடுத்த விலை, போட்ட முதலில் இருபதினாயிரத்தில் ஒரு பங்கு! சந்தையில் நிறை குறைத்து விற்பவன்கூட இதனினும் அதிக விகிதத்தில் தண்டம் கட்டுகிறான்.

சட்டம் எவ்வளவு பின்தங்கி நிற்கிறது என்பதற்கு ஒரு சிறு வேடிக்கையும் உண்டு. 2025 செப்டெம்பரில் கலிபோர்னியாவின் சன் புரூனோ நகரில், தடைசெய்த இடத்தில் திரும்பிய வேமோ வண்டியொன்றைப் பொலிசார் மறித்தனர். மறித்து என்ன செய்வது? குற்றச்சீட்டில் சாரதியின் பெயரை எழுத இடமுண்டு; இயந்திரத்தின் பெயரை எழுத இடமில்லை. கம்பனிக்குச் செய்தி சொல்லிவிட்டு வண்டியைப் போகவிட்டனர். இக்குறையை நீக்க 2024 இலேயே கலிபோர்னியா சட்டமொன்றை நிறைவேற்றியிருந்தது. அது செல்லுபடியாகும் நாளாகக் குறிக்கப்பட்டதோ 2026 ஜூலை 1. வண்டி முன்னே ஓட, சட்டம் பின்னே நடந்தது. செங்கொடி பிடித்தவன் முன்னே நடந்த காலம் தலைகீழாகிவிட்டது.

வண்டியோடு நின்றுவிடுவதில்லை இந்த விவகாரம். முழு நகரத்தையுமே இவ்வாறு இயக்கலாம் என்கின்றனர். ‘ஸ்மார்ட் நகரம்’ என்பது அதற்கு இட்ட பெயர். நகரம் மதிநுட்பம் உடையதாம். நகரத்தாருக்கு அது தேவையில்லையாம்! நம்மவர் பல்லாயிரவர் குடியேறி வாழும் ரொறன்ரோ மாநகரின் ஏரிக்கரையில், 2017 அக்டோபரில், கூகிளின் உடன்பிறப்பான சைட்வோக் லாப்ஸ் என்ற கம்பனி, கனடாப் பிரதமரே மேடையேறி வாழ்த்த, அத்தகைய நகரொன்றை அறிவித்தது. பன்னிரண்டு ஏக்கர் நிலம். தானே ஓடும் வண்டிகள். நடைபாதையிலும் விளக்குக் கம்பத்திலும் உணர்கருவிகள். யார் வந்தார், எங்கே நின்றார் என்ற குறிப்பெல்லாம் சேரும். சேர்ந்த குறிப்பு யாருக்குச் சொந்தம்? தனிமனித இரகசியத்தைக் காக்க ஆலோசகராக நியமித்த நிபுணரே 2018 அக்டோபரில் பதவி துறந்தார். 2019 இல் கனடிய சிவில் உரிமைச் சங்கம் நீதிமன்றம் சென்றது. அவ்வாண்டு வெளிவந்த விரிந்த திட்டமோ பன்னிரண்டு ஏக்கரையும் தாண்டி நூற்றுத் தொண்ணூறு ஏக்கர் வரை கை நீட்டிற்று. ஊர் மக்கள் இயக்கம் கட்டி எதிர்த்தனர். 2020 மே 7 இல் கம்பனி பொருளாதார நிச்சயமின்மையைக் காரணங் காட்டி விலகிற்று. காரணம் அதுவாகவே இருக்கட்டும். கேள்வி கேட்கும் குடிமக்கள் உள்ள ஊரில் இலாபத்தின் கணக்கும் சற்று மாறத்தான் செய்யும்.

சட்டத்தால் இவற்றைக் கட்டுப்படுத்த இயலாது என்பது வீண்பேச்சு. 2024 மே மாதம் அரச இசைவு பெற்ற பிரித்தானியத் தானியங்கு வாகனச் சட்டத்தைப் பாருங்கள். வண்டி தானே ஓடும் வேளையில் அது ஓடிய முறையால் எழும் குற்றத்துக்கு ஆசனத்தில் இருப்பவர் பொறுப்பாளியல்லர். வண்டி ஒழுங்காக ஓடுவதற்கு, அதிகாரம் பெற்ற நிறுவனமே பொறுப்பு. பாதுகாப்புப் பற்றிப் பொய் சொன்னாலோ மறைத்தாலோ அது குற்றவியற் குற்றம். உடந்தையான மேல் முகாமையாளரையும் அது தொடும். ஜெர்மனியில் 2017 இல் ஒழுக்கவியல் ஆணைக்குழு ஒன்று கூடி, தவிர்க்கவியலா விபத்தில் வயது, பால், உடல்நிலை என்பன பார்த்து உயிருக்கு உயிர் பேதம் காட்டலாகாது என்று வகுத்தது. 2021 ஆம் ஆண்டுச் சட்டம் சாரதியில்லா வண்டிக்கும் மேற்பார்வையாளராக ஒரு மனிதன், இரத்தமும் சதையும் உள்ள ஒரு மனிதன், இருந்தே தீரவேண்டும் என்றது. விரும்பினால் சட்டமியற்றலாம். விரும்பாதவர்களே தொழில்நுட்பத்தின் வேகத்தைச் சாட்டாகச் சொல்கின்றனர்.

நமது நாட்டுக்கு வருவோம். நமது வீதிகளை ஆள்வது 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம். எத்தனை திருத்தம் கண்டபோதும், சாரதி என்ற மனிதன் ஒருவன் இருப்பான் என்ற நம்பிக்கையின்மேலேயே அது நிற்கிறது. அந்த மனிதனை எடுத்துவிட்டால் உரிமம், வேகம், மது, விபத்தில் நின்று உதவும் கடமை என்ற ஏற்பாடுகள் எல்லாம் பற்றுக்கோடின்றித் தொங்கும். பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட முச்சக்கர வண்டிகள் பதிவான நாடு இது. அவற்றை நம்பி உலையேற்றும் குடும்பங்களின் கதி என்னவென்பது தனியே எழுதவேண்டிய பொருள்.

நகரங்களைப் பொறுத்தவரையில் நமது அரசு வழி காட்டிவிட்டது. கடலை நிரப்பி எழுப்பிய 269 ஹெக்டேயர் கொழும்புத் துறைமுக நகரம், இத்தகைய மதிநுட்ப நகரமென்றே விளம்பரப்படுத்தப்படுகிறது. 2021 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டம் அதனை ஜனாதிபதி நியமிக்கும் ஆணைக்குழுவிடம் ஒப்படைத்தது. மசோதாவின் பல வாசகங்கள் அரசியல் யாப்புக்கு முரண் என்று உயர் நீதிமன்றம் சுட்டிக்காட்டிய பின் திருத்தங்களோடு நிறைவேறிய சட்டம் அது. முதலீட்டாளர் கேட்டபோது அதிகாரத்தைப் பகிர அரசுக்குச் சில கிழமைகள் போதுமாயிருந்தன. மாகாண எல்லைக்குள் தேசிய நெடுஞ்சாலையல்லாத வீதிகளும் பாலங்களும் மாகாண சபைக்குரியன என்று 1987 இல் பதின்மூன்றாம் திருத்தம் எழுதிற்று. காணியையும் பொலிசையும் பற்றியும் எழுதிற்று. காணி, பொலிஸ் அதிகாரங்கள் ஏட்டிலேயே உறங்கின. 2018 அக்டோபரில் வட மாகாண சபையின் காலம் முடிந்தது. அதன்பின் ஆண்டுக்கணக்காகத் தேர்தலே நடக்கவில்லை. நாளை ஒரு கம்பனி யாழ்ப்பாணத்துக்கோ திருகோணமலைக்கோ இத்தகைய திட்டத்தோடு வருமாயின், அதனோடு பேசி முடிவெடுப்பவர் யாராக இருப்பர்? அந்த இயந்திரம் தமிழில் பேசுமா? முறையீட்டைத் தமிழில் ஏற்குமா? 1956 இல் மனிதர் எழுதிய சட்டத்தோடு மல்லாடிய இனம், இயந்திரத்துள் எழுதிவைக்கும் சட்டத்தோடும் அதே மல்லாட்டத்தை ஆடவேண்டுமா?

ஆகவே நாம் கேட்பது மூன்றே. ‘சாரதி’ என்ற சொல்லுக்கு மோட்டார் வாகனச் சட்டம் தரும் பொருளை விரித்து, தானியங்கு வண்டியை இயக்கும் நிறுவனத்தையும் அதன் முகாமையாளரையும் அதற்குள் கொண்டுவர வேண்டும். விபத்தில் வண்டி பதிந்துவைத்த குறிப்புக்களைப் பாதிக்கப்பட்டவரும் அவரது நியாயவாதியும் கேட்டுப்பெறும் உரிமையைச் சட்டமாக்க வேண்டும். எந்த ஊரின் வீதியிலும், அவ்வூர் மக்கள் வாக்களித்துத் தெரிந்த சபையின் இசைவின்றி இவை ஓடலாகாது. மூன்றையும் தனியங்கத்தவர் மசோதாவாகப் பாராளுமன்றத்தில் நமது பிரதிநிதிகள் கொண்டுவரலாம். நிறைவேறாமற் போகலாம், அன்றைய விவாதம் ஹன்சாட்டில் நிற்கும். அதற்கு முதல் வண்டி துறைமுகத்தில் வந்திறங்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.